மேல்மாடத்தில் உருண்ட பெப்பர்மிண்ட்

அன்பு மகன் கெதினுக்கு,

இங்கே நானும் அப்பாவும் அவர் முழங்கால் வலியும் சுகம். மெல்போர்னில் நீ எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதி, நம் ஹெர்மோன் ஜெபாலயம் பிழைத்துவிட்டது. போன மாதம் கார்டிஃபிலிருந்து வந்த என்ஜினியர் பெண் மேல்மாடத்தில் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, "முன்பக்கம் நாலு அங்குலம் இறங்கியிருக்கு, தூணெல்லாம் அமுங்குது, யாரும் மேல ஏறாதீங்க" என்று மாடிப்படியில் கயிறு கட்டிவிட்டுப் போனாள். மேல்மாடம் இல்லாமல் பெந்தெகொஸ்தே திருநாள் பாட்டு விழா எப்படி நடக்கும், பாட வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கேதானே உட்காருவார்கள். விழா நின்றால் ஜெபாலயத்தை விற்றுவிடுவது என்று மூப்பர்கள் பேசத் தொடங்கினார்கள். மாடத்தைத் தாங்கும் அந்த இரும்புத் தூண்களுக்குப் பளிங்குபோலத் தெரிய வண்ண ரேகை தீட்டியவர் அப்பாதானே, இரண்டு நாள் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. எனக்கும் அழுகையாக வந்தது.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஆறு வயதில் பிரசங்கத்தின் நடுவே அதே மேல்மாடத்தில் வாயிலிருந்த பெப்பர்மிண்டைக் கீழே விட்டாயே, அது கடைசி வரிசையிலிருந்து எல்லாப் பெஞ்சுக்கும் அடியில் உருண்டு மாடத்து விளிம்பை அடைக்கும் முன்பலகையில் டொக்கென்று முட்டியது, பிரசங்கியார் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார், நான் உன் தொடையைக் கிள்ளினேன். அப்படியானால் சரிவு நாற்பது வருஷமாக இருக்கிறதே. பெரிய மூப்பர் டியுடரிடம் சொன்னேன். "எலுனெட், மிட்டாய சாட்சிக்கூண்டுல ஏத்தப் போறியா?" என்று கேலி செய்தார். செவ்வாயன்று அந்தப் பெண் மறுபடி வந்ததும் அவளோடு மேலே ஏறி ஒரு பொட்டலம் பெப்பர்மிண்ட் முழுவதையும் உருட்டிக் காட்டினேன். மூன்று பக்கத்து மாடத்திலும் ஒன்றுகூட விலகாமல் நேரே ஓடி முன்பலகையில் முட்டியது. தூண் அமுங்கியிருந்தால் எங்காவது ஒரு பக்கம் கோணியிருக்குமே என்று அவள் தரைப்பலகை ஒன்றைக் கழற்றச் சொன்னாள். அடியில் உத்தரம் மட்டமாகவே இருந்தது, அதன் மேல் பின்னால் தடித்து முன்னால் மெலிந்த ஆப்புக்கட்டைகளை அழகாகச் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். "இது அமுங்கலைங்க, கடைசி பெஞ்சுக்கும் பிரசங்கியார் தெரியணும்னு வேணும்னே சரிச்சிருக்காங்க. தப்பு என்மேலதான்" என்றாள். நல்ல பெண், மனம் கோணவில்லை. கயிற்றை அறுத்தவர் டியுடர்தான், அறுத்துவிட்டு என்னிடமே ஒரு மிட்டாய் கேட்டார்.

மேல்மாடத்தில் நம் குடும்பம் உட்காரும் முப்பத்தொன்றாம் எண் பெஞ்சின் பக்கக் கதவைத் துடைத்து வைத்திருக்கிறேன். விழாவுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், மறக்காதே, இங்கே குளிர் விடவில்லை, கம்பளிச் சட்டை எடுத்து வா. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அன்று கிள்ளியது என் தப்புதான் மகனே. இந்த முறை நீ எத்தனை உருட்டினாலும் நான் முன்பலகை ஓரத்தில் குனிந்து பொறுக்கித் தருவேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா எலுனெட்