நான்கு பேரைக் காணவில்லை

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை ரேஷன் கார்டு சரிபார்க்க ஒரு குமாஸ்தா வந்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. "எத்தினி பேருன்னு சும்மா ஒண்ணு சொல்லுங்க சார், எழுதிக்கினு போறேன்" என்றார். "பூட்டியிருந்ததுன்னு எழுதுங்க!" என்று நான் போட்ட அதட்டலில் அவர் பேனாவையே கீழே போட்டுவிட்டார். அது உங்கள் குரல். நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதமாகியும் அது என் தொண்டையை விட்டுப் போகவில்லை.

நாம் சந்தித்தது யுத்தகாலத்தில். நான் திருத்தணி போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். நீங்கள் நன்னடத்தை அதிகாரி, ஒரு வருடத் தற்காலிக வேலை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஜேப்படி செய்து, தண்டனை முடிந்து வந்த இருபது பேரைத் திருவுளச்சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தீர்கள். பத்துப் பேர் வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றப் பத்துப் பேருக்கு வெள்ளிதோறும் நீங்களே வீடு தேடிப் போய்ப் புத்தி சொல்வீர்கள். எது திருத்துகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. உங்கள் வழி ஜெயித்தால் வேலை நிரந்தரம்.

வருடக் கடைசியில் உங்கள் பத்தில் நான்கு பேரைக் காணோம். "கேஸ் இல்லன்னா யோக்கியன்தான்யா, திருந்திட்டான்னு எழுது" என்றார் இன்ஸ்பெக்டர். நானும் அதையே கெஞ்சினேன். "காணாதவனுக்கு நற்சாட்சி எப்படிக் குடுக்கறது ரைட்டரே?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தேடக் கிளம்பினீர்கள்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் முகமெல்லாம் கரியாகப் பள்ளிப்பட்டில் இறங்கினோம். நால்வரில் ஒருவனான முனிசாமி தறியில் லுங்கி நெய்துகொண்டிருந்தான். உங்களைப் பார்த்ததும் எகிறிக் குதித்துக் கொல்லைப்பக்கம் ஓடினான். பிடித்து நிறுத்தினால் கும்பிடுகிறான்.

"சத்தியமா இப்ப திருடறதில்லீங்க. வெள்ளிக்கெழமையானா வந்து மூணு மணி நேரம் பேசிக்கினே இருந்தீங்க. ஜெயில்ல கூட அவ்ளோ கஷ்டம் இல்லீங்க. அதான் ஓடியாந்துட்டேன்."

"மத்த மூணு பேரு?"

"அவுங்களும் உங்களுக்குப் பயந்துதான் போனாங்க. எங்கன்னு தெரியாதுங்க."

திரும்பும் வழியெல்லாம் நான் சிரித்தேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. அந்த வருடத்திலேயே அன்றுதான். அறிக்கையில் இப்படி எழுதினீர்கள்: "ஒருவர் திருந்தினார். மூவர் நிலை தெரியவில்லை. நால்வரும் ஓடியதற்குக் காரணம் என் பேச்சு." மூவரையும் யோக்கியராக வைத்து ஒரு முடிவு, திருடராக வைத்து ஒரு முடிவு. ஸ்டேஷன் பத்துப் பேரோடு ஒப்பிட, முதலாவதில் உங்கள் வழி ஜெயித்தது, இரண்டாவதில் தோற்றது. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வேலை போயிற்று.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. 'நால்வரும் திருந்தினர்' என்று நான் ஒரு பிரதி எழுதி, உறைக்குள் மாற்றி வைக்கத் தயாராக இருந்தேன். கை வரவில்லை. அடுப்பில் போட்டேன். கைக்குழந்தையோடு உங்கள் மனைவி ரயிலேறியபோது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உங்களுக்குப் பின் வந்தவர் அந்த அறிக்கையைப் படித்தார். போன வீட்டிலெல்லாம் கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டார். ஒருவரும் ஓடவில்லை. இதை ஒரு கார்டில் உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். நாளை, நாளை என்று இருந்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.