தொண்ணூற்றிரண்டு கிராம் கோப்பி

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

டொக்டரிடம் போய் வந்தேன். நெஞ்சு இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிடுகிறதாம். உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். முப்பத்தொரு வருடம் கடை வைத்துப் பேரம் பேசினவனுக்கு, எவன் என்ன கேட்டாலும் வாய் பாதியில்தான் தொடங்கும். உண்மை ஆறு. வீட்டில் மூன்று, கடையில் மூன்று. அவர் அந்த மூன்றையே குறைக்கச் சொன்னார். காலையில் ஒன்று, அதுவும் சின்னது. கேட்காவிட்டால் மாத்திரையாம், அதற்கு மேலும் என்னவோ சொன்னார். அதற்குள் நான் கோட்டைப் போட்டுவிட்டேன். ஏழு கிழமையால், மார்ச் கடைசியில், திரும்ப வர வேண்டும்.

மனைவி தவநாயகி வாசலிலேயே நின்றாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். நல்லாச் சாப்பிடட்டாம்."

"நல்லாச் சாப்பிடச் சொல்லி இந்த நாட்டிலை ஒரு டொக்டரும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் இவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. எனக்கு நல்ல காலம்.

கோப்பியைக் குறைக்கிற எண்ணம் இல்லை. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

7 பெப்ரவரி, வெள்ளி

கடையில் மிக்சர் பையை இருநூறு கிராமிலிருந்து நூற்றெண்பதுக்கு இறக்கினோம். பை அதே பை, நிறம் அதே நிறம். பை கட்டுகிறது தவம்தான். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பகல் இரண்டு மணி வரை பின்னறையில் இருந்து கட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

"சனம் கண்டுபிடிக்காதோ?" என்று கேட்டாள்.

"ஒரேயடியாக் குறைச்சால் கண்டுபிடிக்கும். கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது. எடை பையிலை அச்சடிச்சுத்தானே கிடக்கு. ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

களவு இல்லை. எழுதித்தான் விற்கிறோம். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூளையை மெச்சுகிறாள் என்று நினைக்கிறேன்.

10 பெப்ரவரி, திங்கள்

கோப்பி மெஷினில் ஏதோ கோளாறு. போன வருடம் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் மயூரா வாங்கித் தந்தது. கொட்டையைப் போட்டால் தானே அரைத்துத் தானே ஊற்றும். பெரிய பட்டனை அமத்தினால் என் மக் நிறையும். அந்த மக்கின் உள்பக்கம், வாயிலிருந்து ஒரு விரல் கீழே, எத்தனை கழுவினாலும் போகாத ஒரு பழுப்பு வளையம் இருக்கிறது. கோப்பி தினமும் அந்த வளையத்தில்தான் வந்து நிற்கும்.

இன்று வளையத்தைத் தொடவில்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

இன்றும் தொடவில்லை.

14 பெப்ரவரி, வெள்ளி

பக்கத்து வீட்டு குருமூர்த்தி வந்து பார்த்தார். மதுரைக்காரர், பம்ப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் காதை வைத்துக் கேட்பார். மெஷினிலும் காதை வைத்தார்.

"ஸ்கேல் சார். லண்டன் தண்ணி அப்படி. உள்ளே குழாயெல்லாம் சுண்ணாம்பு கட்டியிருக்கும். அதுக்குன்னு ஒரு பவுடர் விக்கிறாங்க, கரைச்சு ஓட விட்டீங்கன்னா சரியாயிடும்."

"ஆமாவோ?" என்றேன். அவரோடு கதைத்தால் எனக்கும் அவருடைய ஆமா ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலின் அடியிலும் வெள்ளை படிந்து கிடக்கிறது. சொல்வது சரிதான். ஆனால் சுண்ணாம்புக்கு ஏன் ஒரு பவுடர்? என் கடை றாக்கையில் பழப்புளி மலை போலக் கிடக்கிறது. குத்துவிளக்கின் முப்பது வருடக் களிம்பையே எடுக்கிற புளி இந்தச் சின்னக் குழாயை எடுக்காதா?

15 பெப்ரவரி, சனி

எடுக்கவில்லை.

புளியைக் கரைத்து, வடித்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிப் பட்டனை அமத்தினேன். மெஷின் ஒருமுறை கனைத்தது. பிறகு முக்கியது. பிறகு மண்ணிறமாக ஒரு நூல் வந்தது. புளி கரைத்த கையில் எப்போதும் இரண்டு கோது, அந்த ஓட்டுத் துண்டு, தப்பும், அது எனக்குத் தெரியாததல்ல.

எட்டுத் தரம் பச்சைத்தண்ணீர் ஓட விட்டேன். ஒன்பதாம் தரம் கோப்பி போட்டேன். தவம் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மிளகு சீரகம் தட்டிப் போட்டால் சோத்துக்கு விடலாம்" என்றாள்.

குருமூர்த்தியைக் கூப்பிட்டோம். பின்னால் கழற்றி ஊசியால் கோதை எடுத்தார். "நாற்பது வருஷ சர்வீஸ்ல பம்புக்குள்ள புளி பார்த்ததில்ல சார்" என்றார். முகத்தில் ஒரு பெருமை. அவருடைய பவுடரையே கொண்டுவந்து கரைத்து ஓட விட்டார். சரி, அதுவும் ஆயிற்று.

17 பெப்ரவரி, திங்கள்

குழாய் பளிச்சென்று இருக்கிறது. கோப்பி முன்னையதை விடக் குறைவு. இது என்ன நியாயம்?

18 பெப்ரவரி, செவ்வாய்

என் மக் உடைந்துவிட்டதாம். தவம் கழுவும்போது வழுக்கியதாம். பதினாறு வருட மக். பதிலுக்கு ஒரு புதுக் கோப்பை வைத்திருந்தாள், அடி தடித்தது, கையில் பாரமாக இருக்கிறது. அதில் கோப்பி நிறைந்த மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் நான்கு மிடறில் முடிந்துவிடுகிறது.

கடையில் பில் போடுகிற மரியமலரிடம் சொல்லிக் கவலைப்பட்டேன். "அண்ணை, வீட்டிலை குறைய கடையிலை கூடுது. போன கிழமை நாளுக்கு மூண்டு, இந்தக் கிழமை நாலு. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை" என்றாள். இவளை வேலைக்கு எடுத்ததே இந்த வாய்க்காகத்தான். இப்போது அது என்மேலேயே பாய்கிறது.

19 பெப்ரவரி, புதன்

மெஷின்காரரின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பிள்ளை வந்து நல்ல மரியாதையாகக் கேள்வி கேட்டது. கொட்டை இருக்கிறதா? இருக்கிறது. தண்ணீர்? இருக்கிறது. வீட்டில் வேறு யாராவது அளவை மாற்றியிருக்கலாமா?

"என் மனைவிக்கு அந்த மெஷினைத் தொடவே பயம்" என்றேன். உண்மைதான். உந்தச் சத்தத்துக்கு நெஞ்சு பதறுது என்று சொல்லித் தன் தேத்தண்ணியைக் கேத்திலில்தான் போடுகிறாள்.

முறைப்பாட்டு இலக்கத்தை எழுதப் பேப்பர் தேடினேன். பிரிட்ஜ் கதவில் தென்னைமரக் காந்தத்தின் கீழே கவுன்சில் கடிதம் ஏதோ ஒன்று கிடந்தது. அதன் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

24 பெப்ரவரி, திங்கள்

கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தராசு பொய் சொல்லாது.

வெறும் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, கோப்பி விட்டு நிறுத்தேன். தொண்ணூற்றிரண்டு கிராம். ஊற்றிவிட்டு மறுபடியும். தொண்ணூற்றிரண்டு. ஐந்து தரம். ஒரு கிராம் பிசகவில்லை.

குசினியில் அப்படியே இருந்துவிட்டேன். என்ன மடையன் நான்! தராசு பழுதானால் ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைந்தால் அது பழுது இல்லை. தராசுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. கடை தொடங்கிய முதல் மாதமே எனக்குத் தெரிந்த பாடம். சொந்த வீட்டில் மறந்து போனேன்.

குருமூர்த்தி புத்தகத்தை வாசித்துச் சொன்னார்: பட்டனை விடாமல் அமத்திப் பிடித்திருந்தால் கோப்பி வந்துகொண்டே இருக்குமாம். எங்கே விடுகிறோமோ, அதுதான் இனி அளவு. அவ்வளவுதான். நூற்றைம்பதில் விட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

25 பெப்ரவரி, செவ்வாய்

நூற்றைம்பது. விளிம்பு முட்ட நின்ற கோப்பையைத் தவம் பார்த்தாள்.

2 மார்ச், ஞாயிறு

காலையில் கடை திறந்துவிட்டுப் பின்னேரம் வந்து நிறுத்தேன். தொண்ணூற்றிரண்டு.

ஆர்? குருமூர்த்தியிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. பட்டன் வித்தை தெரிந்தவரும் அவர்தான். ஆனால் அவருக்கு என்ன லாபம்? ஃபில்டர் கோப்பிக்காரர், மெஷின் கோப்பியைக் கோப்பி என்றே ஒத்துக்கொள்வதில்லை. பொறாமையோ? தவத்திடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"மூர்த்தி ஐயாவோ?" என்று கேட்டுவிட்டு, புரைக்கேறி அரை மணித்தியாலம் இருமினாள்.

தவத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவளுக்கு மெஷின் என்றால் பயம்.

9 மார்ச், ஞாயிறு

மரியமலரைக் கடை திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையைச் சுற்றித் திரும்பி வந்து, பின் கதவால் நுழைந்தேன். அறுபது வயதில் சொந்த வீட்டுக்குள் கள்ளன் மாதிரி.

குசினியில் மெஷின் ஓடுகிற சத்தம். தவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்து அளக்கிற கோடு போட்ட கோப்பையைக் கீழே பிடித்திருந்தாள். மற்றக் கை பட்டனில். பயமாம் பயம். மேசையில் போன், அதில் மயூராவின் குரல்.

"பிடியுங்கோ அம்மா, பிடியுங்கோ… எவ்வளவு வந்திட்டுது?"

"எண்பது. விட்டிட்டன். இன்னும் குறைக்கட்டோ?"

"வேண்டாம். டக்கெண்டு குறைச்சால் அப்பா கண்டுபிடிச்சிடுவார்."

"உங்கடை அப்பாவோ? அவர் மூர்த்தி ஐயாவை அல்லோ சந்தேகப்படுறார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே போய்ச் சத்தம் போட வேண்டும் போல வந்தது. காலை எடுத்தும் வைத்தேன்.

"நேரை சொல்லலாம்தானே அம்மா. கடிதம் வந்து ஒரு மாசமாகுது."

தவம் அளவுக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சொன்னால் ஓம் எண்டுவார். ஓம் எண்டுபோட்டுக் கடையிலை போய்க் குடிப்பார். கடையிலை நாலு குடிக்கிறார் எண்டு மரியமலர் சொல்லுறாள், அங்கை நான் என்ன செய்ய? இஞ்சை எண்டாலும் குறையட்டும். இரவிலை அவற்றை நெஞ்சு ஓடுறதும் நிக்கிறதும் என்ரை முதுகுக்குத்தான் பிள்ளை தெரியுது. நிக்கேக்கை நான் எண்ணிக்கொண்டு கிடக்கிறன். திரும்பத் தொடங்குமட்டும்."

வந்த வழியே போனேன்.

ஒழுங்கையில் கொஞ்ச நேரம் நின்றேன். மழை. குருமூர்த்தி ஜன்னலில் கையைக் காட்டினார். அவரிடம் மனதால் மன்னிப்புக் கேட்டேன்.

10 மார்ச், திங்கள்

அவள் கடை பின்னறைக்குப் போன பிறகு பிரிட்ஜ் கதவுக்குப் போனேன். தென்னைமரக் காந்தம். கவுன்சில் கடிதம் என்று நான் நினைத்தது. என் பெயர், டொக்டரின் பெயர், நடுவில் கோப்பி நாளுக்கு ஒன்று என்று தடித்த எழுத்தில். ஓரத்தில் என் கையெழுத்திலேயே மெஷின்காரரின் முறைப்பாட்டு இலக்கம்.

ஒளிக்கவே இல்லை. ஒரு மாதம் கண்ணுக்கு நேரே தொங்கியிருக்கிறது. பையில் அச்சடித்த எடை. ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.

பை அதே பை, கொஞ்சங் கொஞ்சமாகக் குறை. தடித்த அடிக் கோப்பை வேறு. என் பாடம் அத்தனையையும் என்னிடமே விற்றிருக்கிறாள். இவ்வளவு கெட்டிக்காரியை முப்பது வருடம் பின்னறையில் பை கட்ட விட்டிருக்கிறேன். என்ன வியாபாரி நான்?

கோபம் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் அது அவள் மேல் இல்லை.

11 மார்ச், செவ்வாய்

கடையில் கோப்பி குடிக்கவில்லை. தலையிடி. இரண்டு வாடிக்கையாளரோடு சண்டை.

12 மார்ச், புதன்

தலையிடி. "அண்ணை, இண்டைக்குச் சனத்தோடை நீங்கள் கதையாதேங்கோ, நான் கதைக்கிறன்" என்று மரியமலர் என்னை வெங்காய மூட்டைப் பக்கம் அனுப்பிவிட்டாள். நல்லது.

"கோப்பி எத்தனை எண்டு தவத்துக்குச் சொல்லுறது நீதானே?" என்று கேட்டேன்.

"ஓம். இண்டைக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னன். அக்கா நம்பேல்லை."

15 மார்ச், சனி

வீட்டிலும் காலை ஒன்றோடு நிறுத்திவிட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தவத்திடம் சொன்னேன். "ஓ, வயிறோ" என்றாள்.

மிக்சர் பையைப் பழையபடி இருநூறுக்கு ஏற்றச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

25 மார்ச், செவ்வாய்

டொக்டர் திரும்ப வயர் ஒட்டிப் பார்த்தார். பரவாயில்லை, முன்னையதை விட ஒழுங்காக ஓடுகிறது, மாத்திரையை இப்போது யோசிக்க வேண்டியதில்லை என்றார். எத்தனை கோப்பி என்று கேட்டார். ஒன்று என்றேன். நம்பாத மாதிரிப் பார்த்தார். முதல் முறையாக உள்ள விலையைச் சொன்னேன், அதற்கு இந்தப் பார்வை.

வாசலில் தவம்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காம். ஆனால் கோப்பி நாளுக்கு ஒண்டுதானாம். சின்னதாக் குடிக்கட்டாம்."

"எப்ப சொன்னவர்?"

"இப்பதான். இண்டைக்கு."

"அப்பிடியோ" என்றாள். குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தால் எட்டிப் பார்த்தேன். பிரிட்ஜ் கதவில் தென்னைமரம் மட்டும் நின்றது. கடிதம் இல்லை.

30 மார்ச், ஞாயிறு

கோடை நேரமென்று இரவோடிரவாக மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலத்தை எடுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் எல்லாரும் குறைக்கத்தான் பார்க்கிறார்கள். கடை திறக்கப் போகும்போது, "இண்டைக்கு ஒழுங்கையைச் சுத்தி வரேல்லையோ?" என்று தவம் கேட்டாள். பின் கதவடியில் அன்று என் சப்பாத்துச் சேறு கிடந்ததாம்.

கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் வந்துவிட்டது.

31 மார்ச், திங்கள்

தராசு இன்னும் குசினி மூலையில்தான் கிடக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முன் கடைசியாக ஒருமுறை நிறுத்தேன்.

எண்பத்தெட்டு. அன்று அவள் பிடித்த எண்பதை விட எட்டுக் கிராம் கூட.

நல்ல வாடிக்கையாளருக்கு நிறுத்த பிறகு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையை மேலே போட்டுக் கட்டுவது எங்கள் கடைப் பழக்கம். ஏன் என்று அவர்களும் கேட்பதில்லை.

மெல்லக் குடித்தேன். ஐந்து மிடறு.