அரிப்புக்கு ஒரு மாத்திரை

"இனிமே டயாலிசிஸுக்கு வரமாட்டேன். இந்த அரிப்போட உசுரோட இருந்து என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் படுத்த சஃபியுல்லா, விடிந்த பிறகுதான் அயர்ந்து தூங்கினார். எழுப்ப மனம் வராமல், ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பிய அவர் மனைவி சித்திக்கா ஒரு தாளில் எழுதினாள்:

"என்னங்க, இடியாப்பம் மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டதும் டாக்டரம்மா அரிப்புக்கு எழுதிக் குடுத்த மீன் எண்ணெய் மாத்திரையப் போட்டுக்குங்க. எல்லாருக்கும் கேக்காது, கேட்டாலும் நாளாகும்னு அவங்க சொன்னாங்க. மறைக்காமச் சொல்லிட்டேன். பத்து மணிக்கு டயாலிசிஸுக்குப் போக ஆட்டோ வரும். சொறியாதீங்கன்னு கத்துனது கோவத்துல இல்லங்க. ரத்தத்தப் பாத்து பயந்துட்டேன்."

தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்: "கதவப் பூட்டிச் சாவிய எடுத்துக்குங்க. முதுகுக்கு நான் வந்து எண்ணெய் தடவுறேன். ஆட்டோவ மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க."

காரைக்கால் கடையில் நாள் முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. மாலையில் பக்கத்து ஊரான பட்டினத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது, ஊசி குத்திய கையில் கட்டுடன் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தபடி தாளை எடுத்தாள். அவள் எழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்:

"உனக்காகப் போயிட்டு வந்தேன். அடுத்த தடவ கூப்பிடாத புள்ள."