மண்ணெண்ணெய் முடிந்த படம்

பருத்தித்துறை
31.12.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் இங்கே நான் சுகம். இந்தப் பனிக்கு உங்கள் மூச்சு இழுப்பு எப்படி? நத்தாருக்கு அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினீர்களா?

நத்தாரன்று எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. சவர்க்காரம் கிடைக்காததால் சாம்பல் தண்ணீரில் சீருடையைத் தோய்த்தேன். பின்னேரம் வீட்டுக்கார சிவக்கொழுந்து அக்கா வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துப் படம் போட்டார். படத்தில், தூரத்தில் வேலை செய்த மகள் ஊருக்கு வந்து, வீட்டுப் படலையைத் திறக்கக் கை வைக்கும்போது மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம்.

"அவள் உள்ளுக்குப் போயிருப்பாள்தானே, பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா, போயிருப்பாள்" என்றேன்.

ஊருக்கு வர இயக்கத்திடம் கேட்ட பாஸை இந்த வருடமும் தரவில்லை. தாதிமாரை வெளியே விடமாட்டார்களாம். இனிக் கேட்கப்போவதில்லை. கவலைப்படாதீர்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

ஒரு சின்ன உதவி. கிறிஸ்துநாயகத்தின் வீட்டுக்குப் போய், நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கொடுத்துவிடுங்கள். அலுமாரியில் என் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லுங்கள். சேலைகளைத் தங்கச்சி உடுக்கட்டும்.

கடிதம் கொண்டுவருபவர் வாசலில் அவசரப்படுத்துகிறார். கிறிஸ்துநாயகம் ஏதும் கேட்டால், நான் சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
யசிந்தா