ஊருக்கு ஊர் சத்தம்

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கு,

கச்சேரிப் பயணத்தில் எங்கள் ராக் இசைக்குழுவில் எல்லோரும் நலம். பாடகர் நேற்று விடுதி நாற்காலியை ஜன்னல் வழியாக வீசினார். ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டார்.

ஒலி மேசையில் என் வேலைக்குத்தான் இப்போது பெரிய பேர். ஊருக்கு ஊர் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறேன். “அண்ணே, இப்பதாண்ணே இது ராக்கு!” என்று டிரம்மர் கட்டிப்பிடித்தான். அவன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். என் காதுக்கு எட்டும்வரைதான் ஏற்றினேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

நீ போன் செய்து நான் எடுக்காவிட்டால் சிக்னலைத் திட்டாதே. அது பாவம், நன்றாகத்தான் இருக்கிறது.

பாப்பா ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் வருவதற்குள் ஒன்று மட்டும் பழக்கிவை: முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து நின்று கூப்பிடட்டும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,
உன் வீட்டுக்காரன்