பலகை அடித்த வீடு

செயின்ட் லூயிஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

ஹீபர்ட் தெரு வீட்டில் சனிக்கிழமை பிடித்த தீ, யாரோ வைத்ததுதான் என்று தீயணைப்பு விசாரணை அதிகாரி இன்று காலை பத்திரிகைக்காகக் கேட்கப் போன என்னிடம் உறுதி செய்தார். பின்பக்கப் படிக்கு அடியில் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள்.

1849 பெருந்தீக்குப் பிறகு, இனிக் கல்லாலும் செங்கல்லாலும்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்ட ஊர் இது. இன்று அந்தச் செங்கல்லுக்காகவே தீ வைக்கிறார்கள். தீயணைப்புத் தண்ணீர் பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துவிடும். மறுநாள் சுவரில் வடம் கட்டி லாரியால் இழுத்தால் கல் உடையாமல் உதிரும். தெற்கு மாநிலங்களில் பழைய செங்கல்லுக்கு நல்ல விலை. உனக்குத் தெரியாததல்ல.

அந்த வீடு வெண்டலுடையது. நீ டெக்சாஸுக்கு, ஹூஸ்டன் போன பிறகு வாங்கினான். 'எந்த ஸ்கூல்ல படிச்சே?' என்று இந்த ஊரார் கேட்கும்போதெல்லாம் நீயும் அவனும் ஒரே பள்ளியின் பெயரைச் சொல்வீர்களே, அந்த வெண்டல். இரண்டு வருடத்துக்கு முன் தெருவில் சுட்ட குண்டு முன் ஜன்னல் வழியாக வந்து அவன் மகள் ஹேஸலின் கழுத்தில் பாய்ந்தது. அடக்கத்துக்கு நீ வரவில்லை. அன்றே அவன் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் பின்னறையில் வாழ்ந்தான். பலகை அடித்த வீடென்றால் காலி வீடு என்றுதான் இங்கே எவனும் நினைப்பான்.

ஞாயிறு மதியம், எரிந்தது போக மிஞ்சியதில் ஹேஸலின் கிளாரினெட்டைத் தேடி உள்ளே போயிருக்கிறான். லாரி வந்தது. எதிர்வீட்டு டெல்ஃபீன் சொன்னாள்: "'உள்ள ஆள் இருக்கேன்டா, இழுக்காதீங்கடா'ன்னு கத்துனான். வண்டிக்காரன் சிரிச்சுக்கிட்டே, 'காலி வீட்டுல பேய்தான்டா இருக்கும், இழு'ன்னான்."

சுவர் அவன்மேல் விழுந்தது. வடம் அவன் காலில் சுற்றியிருந்தது. அப்படியே தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். மருத்துவமனையில் அந்தக் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். விலா எலும்புகள் நுரையீரலைக் குத்தியிருப்பதால் குழாய் வழியாகத்தான் மூச்சு.

நேற்று அவனிடம் உன் பெயரைச் சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. வலியா, வேறெதாவதா என்று எனக்குத் தெரியாது.

டெல்ஃபீன் இன்னொன்றும் சொன்னாள்: "லாரிக்கு டெக்சாஸ் நம்பர், நீலக் கதவு, ஒரு பக்கக் கண்ணாடி இல்ல." அம்மா வீட்டுக் கம்பத்தில் இடித்து உன் லாரியின் அந்தக் கண்ணாடி உடைந்தபோது நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை நான் இன்னும் செய்தியில் எழுதவில்லை.

அம்மா நலம். "போன் எடுக்காத புள்ளைக்கு நான் ஏன் கேக் செய்யணும்?" என்கிறாள். செய்தும் வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெண்டலின் குழாயை எடுக்கிறார்கள். பேச்சு வருமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. வாக்குமூலம் கேட்கப் போலீஸ் துப்பறிவாளர்கள் கட்டிலருகே இருப்பார்கள். அதற்கு முன் நீ அங்கே இரு, தம்பி. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவரட்டும். லாரியில் வராதே.

உன் அண்ணன்,
லூதர்