பற்றரி மாற்றிய அலாரம்

நவம்பர் 12, செவ்வாய்

வேலையால் மல்வேர்ன் வீட்டுக்கு வந்து, நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்றில் என் பழைய கொம்பியூட்டரைப் போட்டேன். எண்பதுகளில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று ஒலிதான் அதற்கு வரும். சனிக்கிழமைக்குள், இப்படிப் பழைய கொம்பியூட்டரில் பாட்டுக் கட்டுபவர்களின் டெமோ போட்டிக்கு என் பாட்டை அனுப்ப வேண்டும். ஓரிடத்தில் வரும் சின்னக் கீச்சொலி மட்டும் சரிவரவில்லை. இரண்டு நாளாகப் பாட்டை முதலிலிருந்து அந்த இடம்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேலே இருக்கும் வீட்டுக்கார அன்ரி. பின்னால் ஸ்டூலோடு அங்கிள்.

“தம்பி, உங்கட ஸ்மோக் அலாரம் ரெண்டு நாளாக் கத்துது. பற்றரி முடிஞ்சுபோச்சுப் போல.”

நாற்பது வயதில் கீச்சுக்கீச்சென்று பாட்டுக் கட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அன்ரி வேறு எனக்குப் பெண் பார்க்கிறார்.

“ஓம் அன்ரி, உதுதான்.”

முழங்கால் நோவோடு அங்கிள் ஏறிப் புதுப் பற்றரி போட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இனியும் கத்தினா ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவம்,” என்றார் அன்ரி.

இனி நான் ஒரு கீச்சொலியும் எழுப்ப முடியாது. கொம்பியூட்டரைப் பூட்டியிருக்கும் இந்தப் பழைய ரீவியில் ஹெட்போன் செருகவும் இடமில்லை. சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத் திரையில் ஓடும் பாட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மேலே அங்கிள் பாத்திரம் கழுவுகிறார். விசில் அடிப்பது ஹீற்றர் துவாரத்தால் கேட்கிறது. என் பாட்டுத்தான். நான் விட்ட இடம்வரை வருகிறார், நிற்கிறார், திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.